நம்பிக்கை எண் பூஜ்யம்

மெத்தைக்கடை அக்காவுக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பஞ்சைப் பற்றித் தெரியும். எவ்வளவு அடைத்தால் முதுகு வலிக்காது, எந்த மூலையில் தையல் முதலில் விடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தம்பி விமானி ஆகப்போகிறேன் என்று சொன்னபோது, "விழுந்தா சொல்லு, கீழே மெத்தை போட்டு வைக்கிறேன்" என்று சிரித்தாள்.

தம்பி ஓட்டியது ஒற்றை எஞ்சின் விமானம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு மருந்தும் தபாலும் கொண்டு போவான், பொழுது சாயும் முன் திரும்பி விடுவான். ஒரு நாள் திரும்பவில்லை. மறுநாள் காலை விமானக் கொட்டகை மெக்கானிக் கடைக்கு வந்து, தைத்துப் போட்டிருந்த மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தான். அக்கா கேட்பதற்கு முன்னாலேயே அழுதுவிட்டான்.

"ஆத்துச் சமவெளியில தேடறாங்க அக்கா. அதான் அவன் எழுதிக் கொடுத்த வழி. ஆனா அன்னிக்கு அங்க ஒரே மேகம். சுத்திக்கிட்டு மலைப்பக்கமாப் போயிருப்பான்."

"அப்ப மலையில தேடச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். மலையில இருக்கான்னு இருப்பிட ஆணையம் சொல்லணுமாம்."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினான். விமானத்தில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று ஜிபிஎஸ். நாம் எங்கே இருக்கிறோம் என்று செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இன்னொன்று ட்ரான்ஸ்பாண்டர். முதல் பெட்டி சொன்னதை வானமெங்கும் கூவும். மலையுச்சியில் ஆணையத்தின் கோபுரம் இருக்கிறது. அது கேட்டுக்கொள்ளும்.

"அப்ப இவன் விமானமும் கூவியிருக்குமே?"

"கூவியிருக்கும். அவங்களும் கேட்டிருப்பாங்க. ஆனா நம்ப மாட்டாங்க."

பழைய ஜிபிஎஸ் பெட்டி மழைக்காலத்தில் கருகிப் போயிருந்தது. அந்த ரகம் இப்போது வருவதில்லை. அதே கம்பெனியின் புதுப் பெட்டியை மெக்கானிக் மாட்டினான். பேர் ஒன்றுதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. எந்தக் கேட்கும் பெட்டிக்கு எந்தக் கூவும் பெட்டி ஜோடி என்று ஆணையத்தில் ஒரு பட்டியல் இருந்தது. புது ஜோடி அதில் ஏறவில்லை. ஏறும்வரை பறக்கலாம், கூவலாம். ஆனால் கூவும்போதே "என் நம்பிக்கை எண் பூஜ்யம்" என்று சேர்த்துக் கூவ வேண்டும் என்பது விதி.

"நானே என் வாயால நான் பொய்யன்னு சொல்லிக்கிட்டே வழி சொல்லணுமா?" என்றாள் அக்கா.

"அதேதான் அக்கா" என்றான் மெக்கானிக்.

சமவெளியில் நாலு நாள் தேடியும் கிடைக்காததால், அக்காவும் அவள் வீட்டுக்காரரும் மெத்தை ஏற்றும் வேனிலேயே இருப்பிட ஆணையத்துக்குப் போனார்கள். வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். வேன் ஓட்டுவார், பாரம் தூக்குவார், யாராவது அதட்டினால் தலையை ஆட்டுவார். மச்சானோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்.

வானில் பறக்கும் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக ஏற்பட்ட ஆணையம் அது. அதன் கட்டடத்தில் எந்த அறை எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. விரிசல் விட்ட பழைய கட்டடத்தை இடித்துவிட்டு இங்கே மாறி வந்திருந்தார்கள். பலகைகள் இன்னும் வந்து சேரவில்லை. விசாரிக்குமிடம் என்ற சன்னலே மூன்றாம் மாடியின் கோடியில்தான் கிடைத்தது.

சன்னல்காரர் விமானத்தின் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"இவர் எங்கேயும் இல்லைம்மா."

"எங்கேயும் இல்லைன்னா?"

"அதாவது, இருக்காரு. எங்கேன்னு எங்களுக்குத் தெரிஞ்சும் இருக்கு. ஆனா தெரிஞ்சதா நாங்க எடுத்துக்கலை."

அதற்கு மேல் கேட்க வேண்டுமானால் துணை இயக்குநரைப் பார்க்கச் சொன்னார். துணை இயக்குநர் சாந்தமான மனிதர். இருவரையும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அக்காவின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தன் கையாலேயே எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு பேசினார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க தம்பியோட பெட்டி சொன்ன இடத்துக்கு நாங்க ஆள் அனுப்புறோம்னு வைங்க. அவர் அங்க இல்லைன்னா பரவாயில்லை, ஒரு நாள் வேலை வீண். ஆனா அவர் அங்கேயே இருந்துட்டா? ஒப்புதல் இல்லாத பெட்டியும் சரியாத்தான் சொல்லும்னு ஆயிடும். அப்புறம் ஒப்புதல் எதுக்கு? பட்டியல் எதுக்கு? இந்த ஏழு மாடி எதுக்கு? ஒரு விமானம் தான் எங்க இருக்குன்னு தானே சொல்லிக்கலாம்னா நாங்க எதுக்கும்மா?"

நியாயம் பேசுகிற குரலில் ஒருவர் பேசும்போது, பேச்சில் நியாயம் எங்கே இல்லை என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே வந்து கழிப்பறை தேடிப் போனவள், பலகை இல்லாத கதவொன்றைத் தள்ளினாள். உள்ளே சுவர் முழுக்கத் திரை. அதில் மலைகளும் ஆறுகளும் மங்கலாகத் தெரிந்தன, விமானங்கள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்தன. நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஒரே ஒரு இளம்பெண் மட்டும் கடைசி நாற்காலியில் இரண்டு கால்களையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் தேநீருக்குப் போயிருக்காங்க. அப்புறமா வாங்க" என்றாள்.

அப்போது திரையின் மேல் மூலையில் வெளிச்சம் வந்தது. அந்த மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருந்தது, நடுவில் ஆணையத்தின் முத்திரை. தாளுக்கு அடியிலிருந்து வெளிச்சம் துடித்தது. வந்தது, போனது, வந்தது. முத்திரை சிவந்து சிவந்து மங்கியது. அந்தப் பெண் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"என்னம்மா அது?"

"விருந்தாளி. நாங்க அப்படித்தான் சொல்லுவோம். பேர் சொல்லக் கூடாது. தினமும் தேநீர் வேளைக்கு வரும். கொஞ்ச நேரம் நிக்கும், போயிடும். மலையில விழுந்த விமானமாம். ஆள் போயிட்டாரு, புள்ளி மட்டும் வருதுன்னு பெரியவங்க சொல்றாங்க. அது வர்ற நேரத்துல இங்க யாரும் உக்கார மாட்டாங்க. நான் புதுசு, அதனால என்னைய விட்டுட்டுப் போயிடறாங்க."

வெளிச்சம் நின்றது. அக்கா தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, விழுந்து போன விமானத்துல ஒரு பெட்டி தானா வேலை செய்யும்னே வை. தினமும் ஒரே நேரத்துக்குத் தானா ஆனாகி, தானா ஆஃபாகுமா?"

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள்.

"பேட்டரியை மிச்சம் பண்றான்" என்றாள் அக்கா. "அவன்தான் போடறான். அவன்தான் அணைக்கிறான்."

அந்தப் பெண் கால்களை மெல்லக் கீழே இறக்கி வைத்தாள். இந்த அறையில் இத்தனை பேர் இத்தனை நாளாகத் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையா, தோன்றியதால்தான் தேநீருக்குப் போனார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாளைக் கிழிக்கப் போனாள். முத்திரையைத் தொட்டதும் எங்கோ மணி அடித்தது. காவலர்கள் வந்து அவளைக் கீழே இறக்கினார்கள்.

துணை இயக்குநர் இம்முறை தண்ணீர் கொடுக்கவில்லை.

"உயிரோட இருக்கார்ங்கிறீங்க. அதுவும் ஒரு தகவல்தானே? அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? அதே பெட்டியிலருந்து. அந்தப் பெட்டிக்கு நம்பிக்கை எண் என்ன? பூஜ்யம். நீங்க அழறதுல எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனா அதுக்கு எங்ககிட்ட எண் கிடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டு இரக்கத்தோடு வழியும் சொன்னார். "ஜோடியைப் பொருத்தக் குழுவுக்குக் கொண்டு வாங்க. சோதிச்சுப் பட்டியல்ல ஏத்திடலாம். கேட்கும் பெட்டி, கூவும் பெட்டி, ரெண்டையும் கொண்டு வரணும்."

"அது ரெண்டும் விமானத்துல இருக்கு."

"விமானத்துலருந்து கழட்டிக் கொண்டு வாங்க."

"விமானம் எங்க இருக்குன்னுதானே உங்களைக் கேக்கறோம்?" என்றார் வீட்டுக்காரர். அந்த இடத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"பெட்டியைக் கொண்டு வந்தா சொல்லிடப் போறோம்" என்றார் துணை இயக்குநர்.

திரையறைப் பெண் வாசல்வரை ஓடிவந்து அக்காவின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள். அந்தப் புள்ளியின் இடத்தைத் தன்னாலும் பார்க்க முடியாது, தட்டினால் "காட்ட இயலாது" என்றுதான் வரும் என்றாள். தாளுக்கு அடியில் எந்த மலைகள் இருக்கின்றன என்று மட்டும் சொன்னாள். உள்ளங்கை அகலத் தாளுக்கு அடியில் ஒரு மலைத்தொடரே இருந்தது.

அவர்கள் வேனை எடுத்துக்கொண்டு அந்த மலைகளுக்குப் போனார்கள். பாதை முடிகிற இடங்களில் எல்லாம் இறங்கிக் கூப்பிட்டார்கள். அக்கா "தம்பீ" என்றாள். பள்ளத்தாக்கு அதைத் திருப்பிச் சொன்னது. வீட்டுக்காரர் "மச்சான்" என்றார், எதிர்மலை "மச்சான்" என்றது. இன்னொரு மலை, சற்றுத் தாமதித்து, வேறு யாரோ கூப்பிடுவது போலச் சொன்னது. அதைக் கேட்டு இருவரும் ஒரே திசையில் ஓடினார்கள். அங்கே பாறைதான் இருந்தது. தேநீர் வேளைக்குக் கைபேசி அடித்தது. "வந்துடுச்சு அக்கா" என்றாள் திரையறைப் பெண். "ஆனா நேத்து மாதிரி நிக்கலை. சீக்கிரம் போயிடுச்சு." இந்த மலைகளில் ஏதோ ஒன்றில், இந்த நிமிடத்தில், அவன் விரல் அந்தப் பொத்தானின் மேல் இருக்கிறது என்று நினைத்தபோது அக்காவுக்குச் சுற்றியிருந்த காடு முழுக்க மூச்சு விடுவது போலிருந்தது.

மெக்கானிக் தூங்காமல் அலைந்து, அதே ரகத்தில் ஒரு ஜிபிஎஸ் பெட்டியையும் ட்ரான்ஸ்பாண்டரையும் எங்கெங்கோ இரவல் வாங்கினான். அசல் இல்லாவிட்டால் என்ன, ஒரே அச்சில் வார்த்தவைதானே என்று வாதாடினான். குழு பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டது. ஆனால் விண்ணப்பித்த விமானத்தின் எண்ணையே இந்தப் பெட்டியிலும் பதிய வேண்டும் என்றது. பதிந்தான்.

பொருத்தக் குழு கூடிய அரங்கில் மேசைக்குத் துணி விரித்திருந்தார்கள். இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துப் பூச்செண்டு ஒன்றையும் வைத்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் போலக் குழுவினர் ஒரு பக்கம், அக்கா வீட்டார் மறுபக்கம். தலைவர் பேசினார். பிறகு, தலைவர் பேசியதைப் பாராட்டித் துணை இயக்குநர் பேசினார். அதற்குள் தேநீர் வந்தது. அக்கா கைபேசியைப் பார்த்தாள். "இன்னிக்கு வரலை அக்கா" என்று மட்டும் வந்திருந்தது.

பெட்டியை முடுக்கினார்கள். அரங்கம் இருக்கும் இடத்தை அது சொன்னது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆவணத்தோடு ஒப்பிட்டார்.

"தப்பு. ஆணையத்தின் அரங்கம் இந்த இடத்துல இல்லை. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"அது பழைய கட்டடம் சார். இடிச்சாச்சு" என்றான் மெக்கானிக்.

"இடிச்சது எனக்கும் தெரியும். இடம் மாறினதுக்கு இன்னும் ஒப்புதல் வரலை. அதுவரைக்கும் நாம அங்கதான் இருக்கோம்."

குழுவினர் சன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். பிறகு, ஆமாம், அங்கேதான் இருக்கிறோம் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். பெட்டி பிழையாகச் சொல்கிறது என்று எழுதப் போன பேனாவின் குறுக்கே அக்கா கையை நீட்டினாள்.

"ஐயா, அப்ப அங்கேயே போய்ச் சோதிக்கலாமே? வேன் இருக்கு."

பழைய கட்டடம் இருந்த மனையில் செங்கல் குவியலும் நாய்களும்தான் இருந்தன. குழுவினர் மெத்தை வேனிலிருந்து இறங்கி, அரங்கம் இருந்த இடத்தை ஏறக்குறையக் கணித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காற்றில் புழுதி பறந்தது. இல்லாத கதவு வழியாகத்தான் ஒவ்வொருவரும் உள்ளே வந்தார்கள். தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அரங்கம் இருந்தது மூன்றாம் மாடி. பெட்டி தரையில் இருந்தால் உயரம் தப்பாகக் காட்டுமே? தெருவிளக்கு மாற்றுகிற தூக்கி வண்டியை வரவழைத்தார்கள். தலைவர் பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதன் கூடையில் நின்றார். கூடை உயர்ந்தது. மூன்றாம் மாடி இருந்த வெற்று வெளியில் நின்றபடி அவர் குனிந்து அறிவித்தார்.

"சரியாச் சொல்லுது! ஒப்புதல்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா இத்தனை நாளில் முதல்முறையாக வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே துணை இயக்குநரின் கைபேசி ஒலித்தது. கேட்டுவிட்டு அவர் முகம் மலர்ந்து அக்காவிடம் வந்தார்.

"வாழ்த்துகள்மா. உங்க தம்பி கிடைச்சுட்டார்."

"எங்க?"

"இங்கதான். திரையில பச்சையா, முழு நம்பிக்கையோட தெரியுதாம். அதே விமான எண். இந்த மனையிலதான் நிக்குது." கூடையில் நின்ற தலைவரைக் காட்டினார். "தேடுதலை நிறுத்தச் சொல்லிட்டேன்."

ஒரே எண்ணில் இரண்டு விமானம் இருக்க முடியாதே, அதனால் முத்திரைத் தாளுக்கு அடியிலிருக்கும் பொய்ப் புள்ளியை இன்றே நீக்கிவிடுவார்கள் என்றும் அவர் ஆறுதலாகச் சொன்னார். அவள் அவரைத் தள்ளிவிட்டு வேனுக்கு ஓடினாள்.

அவர்கள் திரையறைக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கூட்டமாக இருந்தது. விருந்தாளி போகப் போகிறான் என்ற நிம்மதியில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு புள்ளியை நீக்குவதற்கும் விதி இருந்தது. தவறிக்கூட வேறு புள்ளியை நீக்கிவிடக் கூடாதென்று, நீக்கப்படும் இடத்தை மூன்று முறை உரக்கப் படிக்க வேண்டும். அதற்காக மட்டும் இயந்திரம் அதைக் காட்டும். படிக்கும் வேலை புதியவளுக்கு. அவள் வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது போல நிறுத்தி நிறுத்தி, அறை முழுக்க அதிரும்படி படித்தாள். மூன்று முறை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் விதிப்படிதான் செய்தாள்.

அக்கா வெட்டுத்துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியால் அந்த எண்களைத் தன் முந்தானையில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் மெக்கானிக்கையும் சேர்த்துக்கொண்டு மலையேறினார்கள். அவர்கள் முன்பு எதிரொலி கேட்டு ஓடிப்போய் நின்ற பாறைக்கு மேலே, இரண்டு சரிவு தள்ளி, மரங்களுக்கு நடுவே விமானம் மூக்கு நசுங்கிக் கிடந்தது. ஒரு பக்கச் சிறகு இல்லை. கதவு திறந்திருந்தது.

அவன் உள்ளே படுத்திருந்தான். இரண்டு கால்களும் முறிந்திருந்தன, தபால் கட்டின் கயிறால் அவனே கட்டுப் போட்டிருந்தான். மழைநீர் பிடித்த தகரம் தலைமாட்டில் காய்ந்து கிடந்தது. தபால் பைகளில் மருத்துவப் பஞ்சை அடைத்து ஒரு படுக்கை செய்து வைத்திருந்தான். அக்கா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். மேடு பள்ளம் இல்லாமல், மூலை தளராமல், நன்றாகத்தான் அடைத்திருந்தான். பிறகுதான் அவன் கையைத் தொட்டாள்.

அது சில்லிட்டிருந்தது. மூன்று பேரால் அந்தச் சரிவில் அவனை இறக்க முடியாது. கைபேசியிலும் அங்கே சிக்னல் இல்லை. மெக்கானிக் பொத்தானைக் காட்டினான்.

"பேட்டரியில இன்னும் கொஞ்சம் இருக்கும் அக்கா. அவன் பாத்துப் பாத்துதான் செலவழிச்சிருக்கான். இப்ப ஜோடிக்கு ஒப்புதல் இருக்கு. நம்பிக்கை எண்ணை மாத்தி விட்டுப் போட்டுப் பாக்கலாமா?"

அக்கா தலையசைத்தாள். மெக்கானிக் விசையைத் திருப்பி, பொத்தானைப் போட்டான்.

தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஹெலிகாப்டர் வந்துவிட்டது. மருத்துவர் குதித்தார். கயிறும் படுக்கையும் ரத்தப் பைகளும் வந்தன. எல்லோரும் அவ்வளவு சுறுசுறுப்பு, ஒருவர் கால் ஒருவர்மேல் படவில்லை. கடைசியாகத் துணை இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்.

"பாத்தீங்களா? ஒப்புதல் மட்டும் இருந்தா எங்களை மாதிரி வேகம் யாருக்கும் வராது."

மருத்துவர் உள்ளே போய்விட்டு வந்தார். "முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கார்" என்றார், யாரையும் பார்க்காமல்.

துணை இயக்குநர் நிஜமாகவே வருந்தினார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஹெலிகாப்டர் உயிருள்ளவர்களை மீட்பதற்கு மட்டும் ஒப்புதல் பெற்றது என்பதையும் அந்த வருத்தத்தோடேயே சொன்னார். சரிவிலிருந்து பாதைவரை உடலை இறக்கிக் கொடுக்க மட்டும் மருத்துவரும் ஆட்களும் அவரைக் கேட்காமலே கை கொடுத்தார்கள். பிறகு ஹெலிகாப்டர் காலியாகத் திரும்பிப் போனது.

தம்பியை வேனில் ஏற்றினார்கள். மெக்கானிக் முன்னால் உட்கார்ந்துகொண்டான். அக்கா பின்னால் தம்பியோடு உட்கார்ந்தாள். மலைப்பாதை கொண்டை ஊசிகளாகக் கீழே இறங்கியது. முதல் வளைவு வந்தபோது வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"மச்சான், வளைவு வருது. புடிச்சுக்க."

மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அடுத்த வளைவிலும் அவர் சொன்னார். அதற்கடுத்ததிலும் சொன்னார். மலை முடியும்வரை ஒரு வளைவைக்கூட அவர் விடவில்லை. அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா தம்பியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.